கையைத் தூக்கிய பிறகு

"பார்க்கிற இயந்திரம் வந்துவிட்டது. இனிமேல் நாம்..."

பெரியவர் அன்றைக்குச் சொன்னதில் ஏகாம்பரத்துக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்.

மலை ஆஸ்பத்திரியில் புது ஸ்கேன் இயந்திரத்தைத் திறந்துவைக்க, ஆஸ்பத்திரியை ஆரம்பித்த பழைய டாக்டர் வந்திருந்தார். மைக் இரைந்துகொண்டே இருந்தது. முகட்டிலிருந்து இறங்கிய மூடுபனி பந்தலுக்குள் நுழைந்து, நாற்காலிகளை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் நின்ற ஏகாம்பரத்தின் காதுக்கு "நாம்" வரைக்கும்தான் வந்து சேர்ந்தது.

பிறகு பலரிடம் கேட்டுப்பார்த்தான்.

இனிமேல் நாம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பெரியவர் சொன்னதாகக் கூட வேலை பார்க்கும் ஷெரீஃப் சொன்னான். இனிமேல்தான் நாம் கண்ணைத் திறக்கவேண்டும் என்று சொன்னதாக வாட்ச்மேன் சத்தியம் செய்தார்.

மூத்த நர்ஸ் தெபோராள் சிஸ்டரிடம் கேட்டபோது, "இனிமேல் நாம டீ குடிக்கப் போகலாம்னு சொன்னாருண்ணே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றார்.

சிஸ்டரிடம் எதைக் கேட்டாலும் இப்படித்தான்.

ஆனால் இன்றைக்கு ஏகாம்பரம் கேட்க வந்தது வேறு.

"எல்லாருக்கும் போதும்னு சொல்லிட்டீங்க. எனக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும்.

ஸ்கேன் படம் தெளிவாக விழ, நரம்பு வழியாக ஒரு மருந்து போகவேண்டும். அதற்குக் கையில் ஊசி குத்தி, ஊசியை உருவிவிட்டு, மெல்லிய குழாயை மட்டும் உள்ளே விட்டுவைக்கவேண்டும். கேனுலா என்பார்கள். இதுவரை வார்டிலிருந்து நர்ஸ் ஒருத்தர் ஓடிவந்து போட்டுவிட்டு ஓடுவார். வருகிற திங்கட்கிழமையிலிருந்து நர்ஸ் வரமாட்டார். இயந்திரத்தை ஓட்டுகிற டெக்னீஷியன்களே போட்டுக்கொள்ளவேண்டும். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு தெபோராள் சிஸ்டருக்கு.

சிஸ்டர் பரீட்சை வைப்பதில்லை. சான்றிதழ் கொடுப்பதில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். என்றைக்காவது ஒருநாள், கையைத் துடைத்துக்கொண்டே, "போதும்" என்பார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த ஆள் யாரையும் திரும்பிப் பார்க்கவேண்டியதில்லை.

கூடக் கற்றுக்கொண்ட மூன்று பேருக்கும் கிடைத்துவிட்டது. ஷெரீஃப்புக்கு எல்லாருக்கும் முன்னால். அவனுக்குப் பாதி நாள் ஊசி தவறும்.

ஏகாம்பரத்துக்கு வயது நாற்பத்தெட்டு. மஸ்கட்டில் இதைவிடப் பெரிய இயந்திரங்களை ஓட்டியவன். சிஸ்டர் அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணேயில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேஜைமேல் சிஸ்டருடைய டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார்.

"இதத் தொடுங்க. கிழியக் கூடாது."

ஏகாம்பரம் ஆள்காட்டி விரலை வைத்தான். கிழியவில்லை. அவன் விரல் அப்படி.

"கிழியல," என்றான்.

"ம்."

விரலை எடுத்தான். ஆடை மொத்தமாக விரலோடு எழும்பி வந்தது.

சிஸ்டர் ஆடையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"அடுத்த ஆளக் கூப்பிடுங்கண்ணே," என்றார்.

*

அடுத்த ஆள் ஒரு லாரி டிரைவர். கனத்த கை. தோலுக்கு மேலே ஒரு நரம்பும் தெரியவில்லை.

ஏகாம்பரம் புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டினான். கண்ணை மூடினான். விரல் நுனியால் தேடினான். மணலுக்கடியில் ஓடுகிற தண்ணீரைத் தேடுவது மாதிரிதான் அது. ஓரிடத்தில் தோல் மெத்தென்று திருப்பி அழுத்தும். அங்கே நிற்கவேண்டும்.

"சின்னதா ஒரு குத்து."

ஊசி நுழைந்தது. குழாயின் வாலில் ரத்தம் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

அந்தச் சொட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஏகாம்பரத்துக்குள் ஒரு விளக்கு எரியும். காலையில் யாரும் நடக்காத பாதையில் முதல் ஆளாகக் கால் வைத்த மாதிரி இருக்கும். இதுவரை அவனுக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"போட்டாச்சா?" என்றார் டிரைவர், கண்ணைத் திறக்காமல்.

"போட்டாச்சு."

"கொசு கடிச்ச மாதிரிகூட இல்லியே சார்."

ஏகாம்பரம் நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தான். சிஸ்டர் டிரைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் அறைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. வார்டில் குழாய் போட்டால் கை போட்ட இடத்திலேயே கிடக்கும். இங்கே அப்படியில்லை. மார்பையோ வயிற்றையோ படம் எடுக்கும்போது குறுக்கே கை கிடக்கக்கூடாது என்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்வார்கள். கீழே இருந்தபோது ஒழுங்காக ஓடிய குழாய், கையைத் தூக்கியதும் உள்ளுக்குள் மடங்கும். நகரும். நரம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் வந்து பட்டனை அழுத்துவார்கள். இயந்திரம் மருந்தை வேகமாகத் தள்ளும். அது ரத்தத்துக்குள் போகாமல் சதைக்குள் போய்த் தேங்கும். கை வீங்கும். சிலருக்குத் தோல் கறுத்துப் புண்ணாகும். சிலருக்கு விரல் மடங்காமலே போய்விடும்.

"கீழ வச்சுப் பாத்தது பாத்ததில்ல," என்பது சிஸ்டர் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. "கையத் தூக்கின பிறகு பாருங்க."

ஏகாம்பரம் அதை ஒருநாளும் விட்டதில்லை. டிரைவரின் கையைத் தூக்கிவைத்தான். மருந்துக்கு முன்னால் வெறும் உப்புத்தண்ணீரை இயந்திரத்தால் அதே வேகத்தில் தள்ளினான். குழாய் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். வீக்கம் இல்லை. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் வந்தான். படம் பளிச்சென்று விழுந்தது.

டிரைவர் போனபிறகு சொன்னான்.

"எந்தக் கையால சாப்பிடுவீங்கன்னு கேட்டேன். அடுத்த கையிலதான் போட்டேன். தூக்கின பிறகு பாத்தேன். விரல் வச்சுப் பாத்தேன். எத விட்டேன்?"

"எதயும் விடல."

"அப்ப போதும்னு சொல்லுங்க."

சிஸ்டர் கையுறையைக் கழற்றினார்.

"ரத்தம் எட்டிப் பாக்கும்போது உங்க மூஞ்சியப் பாத்திருக்கீங்களா?"

"என் மூஞ்சிய நானே எப்படி சிஸ்டர் பாக்க முடியும்?"

"கண்ணாடியில தெரியுதே," என்று இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கண்ணாடியைக் காட்டினார். "அப்புறம் அந்த டிரைவரும் அங்கதான் பாத்தாரு. ஊசி குத்தயில கண்ண மூடினவரு, நீங்க திரும்பினதும் தொறந்திட்டாரு."

ஏகாம்பரத்துக்குப் புரியவில்லை.

*

கேன்டீனில் ஷெரீஃப் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, விஷயம் தெரியுமா? பரோட்டா மாஸ்டருக்குக்கூட சிஸ்டர் போதும்னுட்டாங்களாம்."

"சாப்பிடுடா."

"உங்க கை மாதிரி எனக்கு இருந்திருந்தா நான் இந்நேரம் அந்தக் கைக்குத் தனியா சம்பளம் கேட்டிருப்பேன்."

ஏகாம்பரம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"உனக்கு எப்படிடா சொன்னாங்க?"

"அத ஏன் கேக்குறீங்க. ஒரு தாத்தா. எனக்கு ரெண்டு தடவ தப்பிப்போச்சு. இனிமே நான் குத்தினா பாவம்னு சிஸ்டரக் கூப்பிட்டேன். வந்து போட்டாங்க. போகும்போது போதும்னாங்க. திட்டுறாங்கன்னு நெனச்சு நான் அன்னைக்கு மத்தியானம் சாப்பிடவே இல்ல."

"நீயா?"

"சரி, கொஞ்சமா சாப்பிட்டேன்."

அன்று மதியம் டாக்டர் நல்லசிவம் கூப்பிட்டனுப்பினார். ஸ்கேன் பிரிவுக்குத் தலைவர் அவர்தான். கோபக்காரர் இல்லை. அவசரக்காரர்.

"ஏகாம்பரம், திங்கக்கிழமைலருந்து நர்ஸ் கிடையாது. ஊசி போடத் தெரியாத ஆள இங்க வச்சுக்க முடியாது."

"தெரியும் சார்."

"எனக்கும் தெரியும். ஆனா அந்தம்மா சொல்லணுமே. சனிக்கிழமைக்குள்ள சொல்லலன்னா கீழ எக்ஸ்ரேக்குப் போயிடுங்க. அங்க ஆள் கேட்டுட்டிருக்காங்க."

கீழே என்றால் அடிவாரம். பஸ் இறங்கப் பாதி நாள். ஏறப் பாதி நாள். மூடுபனி என்றால் பஸ்ஸே கிடையாது. அங்கேதான் தங்கவேண்டும்.

ஏகாம்பரத்தின் மனைவி சுசீலா இந்த மலையில்தான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவன் மஸ்கட்டில் இருந்தவரைக்கும் இரண்டு பேரும் போனிலேயே குடும்பம் நடத்தினார்கள். அரிசி விலையிலிருந்து சண்டை வரைக்கும் எல்லாம் போனில்தான். இந்த இயந்திரம் இங்கே வருகிறது என்று கேள்விப்பட்டுத்தான், கிடைத்த சம்பளம் போதும் என்று மஸ்கட்டை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி வந்தான். இப்போதுதான் ஒருவர் குளிருக்கு மற்றவர் போர்வையை இழுக்கிற அளவுக்குப் பழகியிருந்தார்கள்.

கீழே போனால் மறுபடியும் போன்.

*

நேராக சிஸ்டரிடம் போனான்.

"என்னைக் கீழ அனுப்பப் போறாங்க."

"தெரியும்ணே."

"என்ன குறைன்னு சொல்லுங்க. திருத்திக்கிறேன். சொல்லாம இருந்தா எப்படி?"

"படுங்க," என்றார் சிஸ்டர்.

"எங்க?"

ஸ்கேன் மேஜையைக் காட்டினார்.

அன்றைய வேலை முடிந்திருந்தது. ஏகாம்பரம் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தான். சிஸ்டர் அவன் முழங்கைக்குக் கீழே கேனுலா போட்டார். லேசாகத்தான் வலித்தது. உப்புத்தண்ணீர்க் குழாயை இணைத்தார். கையைத் தூக்கிவைக்கச் சொன்னார்.

"படம் எடுக்கல. மேசை மட்டும் நகரும். வெறும் உப்புத்தண்ணி," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போனார். கனமான கதவு மூடிக்கொண்டது.

மேஜை மெல்ல உள்ளே போயிற்று.

ஸ்கேன் இயந்திரத்தின் இந்த வளையத்தை இத்தனை வருஷமும் வெளியிலிருந்தே பார்த்தவன். உள்ளேயிருந்து பார்த்தால் கிணற்றின் அடியில் படுத்துக்கொண்டு வாயைப் பார்ப்பது மாதிரி இருந்தது. வெள்ளையாக ஒரு வட்டம். அதற்குள் எங்கேயோ ஒரு முனகல். தண்ணீர் ஓடுகிற சத்தம் மாதிரியும் இருந்தது, தூரத்தில் யாரோ ஒரே எழுத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது மாதிரியும் இருந்தது.

ஜன்னலே இல்லாத அறைக்குள் மூடுபனி எப்படி வரும் என்று நினைத்தான். வந்தது. முதலில் கால்விரல்கள் போயின. பிறகு முழங்கால். தலைக்கு மேல் கிடந்த கைகள் யாருடையவை என்பது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோயிற்று. ஏகாம்பரம் என்ற பெயரைச் சட்டையோடு ஆணியில் மாட்டிவிட்டு வந்த மாதிரி லேசாக இருந்தது. இங்கே படுத்திருப்பது ஒரு கை. அதற்கு ஒரு நரம்பு. அவ்வளவுதான் இவர்களுக்குத் தேவை.

வளையத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"வலிக்கா?"

"இல்ல சிஸ்டர்."

முழங்கைக்குப் பக்கத்தில் எதுவோ இறுகியது. குளிர்ந்த எலுமிச்சம்பழம் ஒன்றைத் தோலுக்கடியில் வைத்து யாரோ மெதுவாக உருட்டினார்கள். சொல்லலாமா என்று நினைத்தான். அவர் ஏதோ செய்துகொண்டிருக்கிறார், நடுவில் எதற்கு என்றும் நினைத்தான். குரல் எங்கிருந்தோ வருகிறது. அவ்வளவு தூரத்துக்கு இந்தச் சின்ன விஷயத்தைச் சுமந்து அனுப்பவேண்டுமா?

"எரியுதா?"

"பரவால்ல சிஸ்டர்."

கதவு திறந்தது. மேஜை வெளியே வந்தது. சிஸ்டர் அவன் கையை இறக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"தப்பிடுச்சா?" என்றான் ஏகாம்பரம். நம்பமுடியவில்லை.

"கையத் தூக்கயில நழுவிருக்கு. எனக்கும் நழுவும்ணே."

"விரல் வச்சுப் பாக்கலையா?"

"வைக்கல. வேணும்னுதான் வைக்கல. உங்களக் கேட்டேம்லா?"

ஏகாம்பரம் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"ரெண்டு தடவ கேட்டேன்," என்றார் சிஸ்டர். குரலில் கண்டிப்பு எதுவும் இல்லை. ஈரத்துணியை மடித்து வீக்கத்தின்மேல் வைத்தார். "யாரப் பாத்து பரவால்லன்னீங்க?"

ஏகாம்பரம் யோசித்துப் பார்த்தான்.

"கூரையப் பாத்து."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். அவனும் சிரித்தான். சிரிக்கும்போது கை வலித்தது.

"இப்பவாவது போதும்னு சொல்லுவீங்களா?"

"துணிய எடுக்காதீங்க. ராத்திரிக்குள்ள வத்திரும்," என்றார் சிஸ்டர்.

வீட்டில் சுசீலா பார்த்துவிட்டாள்.

"கைல என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவள் தோசைக்கல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏகாம்பரம் கொஞ்சநேரம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குது," என்றான்.

"அத முதல்லயே சொன்னா என்ன? இங்க காட்டுங்க," என்றாள் அவள்.

*

சனிக்கிழமை காலையிலிருந்தே மலை இல்லை. ஆஸ்பத்திரியும் மூடுபனியும்தான் இருந்தன. ஆட்கள் அதற்குள்ளிருந்து தோன்றி, பேர் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு மறுபடியும் அதற்குள்ளேயே போனார்கள். மதியம்வரை எல்லாருக்கும் ஏகாம்பரமே ஊசி போட்டான். எல்லாம் முதல் குத்தில். சிஸ்டர் கதவோரம் நின்று பார்த்தார். "போதும்" மட்டும் வரவில்லை.

கடைசியாக ஒரு அம்மாள் வந்தார். பெயர் குமுதவல்லி. மேட்டில் கேரட் போடுகிறவர். மார்பில் கட்டி வந்து ஒருபக்கம் அறுவை சிகிச்சை ஆனவர். அந்தப்பக்கத்துக் கையில் ஊசி போடக்கூடாது. மற்ற கையில் மருந்து ஏற்றி ஏற்றி நரம்பெல்லாம் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. ஈரலிலும் ஏதோ இருக்கிறதா என்று இன்றைக்குப் பார்க்கவேண்டும். திங்கட்கிழமை பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். அதற்குப் படம் வேண்டும்.

டாக்டர் நல்லசிவம் தானே வந்து கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"இதுல ஒழுங்கா போட்டுட்டா சிஸ்டரும் போதும்னு சொல்லிடுவாங்க, எனக்கும் நிம்மதி," என்றார் ஏகாம்பரத்திடம்.

ஏகாம்பரம் தாழ்வான ஸ்டூலை இழுத்து, குமுதவல்லி அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, கையை வாங்கினான். கையில் மண் நிறம் ஏறியிருந்தது.

"கிடைக்காது தம்பி," என்றார் அவர். "போன தடவ நாலு பேரு பாத்தாங்க. ஒருத்தன் அழுதே போட்டான்."

"யாரு, அவனா நீங்களா?"

"அவன்தான். நான் எதுக்கு அழுவறேன்?"

பட்டையைக் கட்டினான். கண்ணை மூடித் தேடினான். எல்லாம் இறுகியிருந்தன. தேடத் தேட அந்தம்மாள் பேசிக்கொண்டே இருந்தார்.

"எங்க தோட்டத்துக்கு ஒரு காட்டெருமை வருது. ஒண்டி. கூட்டத்துல சேத்துக்கல போல. இவ்வளவு பெருசு. சாயங்காலமானா வேலியத் தாண்டி வந்து நிக்கும். கேரட்டத் தின்னாலும் பரவால்ல, மிதிச்சுட்டுப் போகுது பாரு, அதுதான் எரிச்சல்."

"வெரட்ட மாட்டீங்களா?"

"என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் டப்பா தட்டுவார். இப்ப நான் திட்டுவேன். ஏன்டா, உனக்கு வெக்கமா இல்லயான்னு கேப்பேன். காத ஆட்டும்."

முன்கையின் உள்பக்கத்தில், எலும்பை ஒட்டி, மெத்தென்று ஓரிடம் விரலைத் திருப்பி அழுத்தியது. அது ஒன்றுதான். வேறு எங்கேயும் இல்லை.

"சின்னதா ஒரு குத்தும்மா."

"குத்து, குத்து. அப்புறம் போன வாரம் என்ன பண்ணுச்சு தெரியுமா, மழை. நான் வாசல்ல நிக்கிறேன். அது நேரா வாசலுக்கு வருது..."

ஊசி நுழைந்தது. ரத்தம் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கதவோரம் சிஸ்டர் அசையவில்லை.

ஏகாம்பரம் கையால் உப்புத்தண்ணீரைத் தள்ளிப்பார்த்தான். வெண்ணெய்க்குள் போவதுபோலப் போயிற்று. பிளாஸ்திரி ஒட்டினான். அந்தம்மாளை மேஜையில் படுக்கவைத்து, கையை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கி, தலையணையில் சாய்த்துவைத்தான். மறுபடியும் கையால் தள்ளினான். போயிற்று.

"வாசலுக்கு வந்துச்சா," என்றார் குமுதவல்லி அம்மாள் கூரையைப் பார்த்து. "நான் நகரல. அதுவும் நகரல. மூச்சு விடுது. அந்தச் சூடு என் மூஞ்சியில படுது. அது கண்ணுல நான் தெரியறேன். சின்னதா, விளக்கோட. நானும் அதையே பாக்கறேன். அப்புறம்..."

"இப்ப தண்ணி கொஞ்சம் வேகமா போகும்மா," என்றான் ஏகாம்பரம், விரலைக் குழாயின் முனைக்கு மேல் வைத்தபடி.

இயந்திரம் உப்புத்தண்ணீரைத் தள்ளியது.

விரலுக்கடியில் ஒன்றும் எழவில்லை. தோல் சமமாகத்தான் இருந்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்ல தம்பி."

"எரிச்சல்?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல் வந்தது. "பிரஷர் அருமையா இருக்கு. கோடு நேரா போகுது. வெளிய வாங்க ஏகாம்பரம், மருந்த விடலாம்."

ஏகாம்பரம் எழுந்தான். இரண்டடி வைத்தான். அந்தம்மாளின் பேச்சு நின்றுபோய், அறை சத்தமில்லாமல் இருந்தது. வளையம் மட்டும் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

நின்றான்.

திரும்பிவந்து, வளையத்துக்குள் குனிந்து, அந்தம்மாளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனான்.

"அப்புறம் என்னம்மா பண்ணுச்சு?"

"எது?"

"காட்டெருமை."

குமுதவல்லி அம்மாள் அவனைப் பார்த்தார். கண்கள் அவன்மேல் இருந்தன. ஆனால் அவர் வேறெங்கேயோ எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன எருமை தம்பி?" என்றார். "நீ உன் வேலையப் பாரு. அங்க டாக்டர் கூப்பிடுறாரு."

ஏகாம்பரம் மறுபடியும் விரலை வைத்துப் பார்த்தான். வீக்கம் இல்லை. சூடு இல்லை. உப்புத்தண்ணீரைக் கையால் தள்ளிப்பார்த்தான். அதுபாட்டுக்குப் போயிற்று.

"என்னாச்சு?" என்றது ஒலிபெருக்கி.

"கொஞ்சம் இருங்க சார்."

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் சார் இருக்கு."

"அப்புறம் என்ன? அதவிட்டா அந்தம்மாவுக்கு வேற நரம்பு கிடையாது. உங்களுக்கும் வேற நாள் கிடையாது. வெளிய வாங்க."

ஏகாம்பரம் கதவோரம் பார்த்தான். சிஸ்டர் அவனைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிக்கொண்டிருந்த, கதிர் படாமல் உடுத்துகிற ஈயக் கவசங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கூரையைப் பார்த்துத் தான் சொன்ன "பரவால்ல" அவனுக்கு நினைவு வந்தது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அந்தம்மாளின் கையைத் தலையணையிலிருந்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். பிளாஸ்திரியின் ஒரு முனையை நகத்தால் கிளப்பினான். பஞ்சை எடுத்து மேலே வைத்து, கேனுலாவை வெளியே எடுத்தான்.